ஆறு நண்பர்கள், ஒரு தீவு: பெரிய மோட்டார்ஹோமா, இரண்டு வேன்களா, காரும் கேபினுமா?

நியூசிலாந்தின் தென் தீவை நண்பர்களோடு சுற்றத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் வண்டியின் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஏரிக்கரை, பனிமலை, முன்னால் ஒரு வெள்ளை மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டுவண்டி. அந்தப் படம் பகலில் எடுத்தது. நண்பர் குழுவின் பயணம் இனிப்பதும் கசப்பதும் இரவு எட்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில். எந்த வண்டி என்ற கேள்விக்கு விடை அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

ஒப்பிட வசதியாக ஒரு வழக்கமான வட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பி டெக்காப்போ, மவுண்ட் குக், வானாக்கா, குயின்ஸ்டவுன், டி அனாவ் வழியாக மில்ஃபர்ட் சவுண்ட். அங்கிருந்து வானாக்காவுக்குத் திரும்பி, ஹாஸ்ட் கணவாயைக் கடந்து மேற்குக் கரையோரம் ஃபிரான்ஸ் ஜோசஃப், ஹோக்கிடிகா. பிறகு ஆர்தர்ஸ் பாஸ் ஏறி இறங்கி மறுபடி கிறைஸ்ட்சர்ச். மொத்தம் சுமார் 1,900 கிலோமீட்டர். பத்து முதல் பன்னிரண்டு இரவுகள் வேண்டும். ஆட்கள் ஆறு பேர், எல்லோரும் பெரியவர்கள்.

வழிகள் மூன்று. ஆறு பெர்த் மோட்டார்ஹோம் ஒன்று. மூன்று பேருக்கு ஒன்றாக, உள்ளேயே படுக்கக்கூடிய இரண்டு வேன்கள். எட்டு இருக்கைக் கார் ஒன்றை எடுத்து, இரவில் ஹாலிடே பார்க் எனப்படும் கட்டண முகாம்களின் கேபின்களில், அதாவது சிறு அறைகளில் தங்குவது. காரும் கூடாரமும் என்று நான்காவது வழியும் உண்டு. கோடையிலும் டெக்காப்போ பக்கம் காற்று கூடாரத்தைப் பிய்த்தெறியும், மேற்குக் கரை மழையில் துணி காயாது. அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு பேருக்கு இரண்டு வேன்கள். அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காரும் கேபினும். ஆறு பெர்த் மோட்டார்ஹோம் நான்கு பேருக்கான வண்டி. நான்கு பேர் போனால் அதைவிட நல்ல வண்டி இல்லை.

ஆறு பெர்த் என்றால் என்ன

விளம்பரத்தில் ஆறு பெர்த் என்று இருந்தால் மூன்று இரட்டைப் படுக்கைகள் என்று பொருள். ஒன்று ஓட்டுநர் தலைக்கு மேலே, ஏணி வைத்து ஏறுவது. இன்னொன்று வண்டியின் பின்பகுதியில், பகலில் சோபாவாக இருப்பது. மூன்றாவது நடுவில் உள்ள சாப்பாட்டு மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளைப் பொருத்திப் போடுவது. இந்த மூன்றாவது படுக்கைதான் சிக்கலின் மையம். அதைப் போட்ட பிறகு யாருக்கும் உட்கார இடம் இல்லை. பத்து மணிக்குத் தூங்க வேண்டியவரும் ஒரு மணி வரை பேச விரும்புபவரும் ஒரே மேசைக்குப் போட்டியிடுவார்கள். மேலே படுத்தவர் நள்ளிரவில் கழிப்பறைக்கு இறங்கினால் நடுப்படுக்கையில் இருப்பவரின் காலருகே கால்வைத்துத்தான் போக வேண்டும். காலையில் அந்தப் படுக்கையை மடித்து மேசையைத் தூக்கும் வரை காப்பி போட்டாலும் குடிக்க இடம் கிடையாது. அதற்குக் கால் மணி நேரம். ஆறு பேர் பல் துலக்கி, உடைமாற்றி, பெட்டியை ஒதுக்கி, வண்டி நகரும்போது பெரும்பாலும் பத்தரை ஆகியிருக்கும். ஹாலிடே பார்க்குகளில் காலி செய்யும் நேரம் வழக்கமாகப் பத்து மணி.

நான்கு பேராக இருந்தால் மேசையை இறக்கவே வேண்டாம். அது எப்போதும் மேசையாகவே இருக்கும். மழை நாளில் உட்கார, சீட்டாட, சமைத்ததை வைத்துச் சாப்பிட ஒரு கூடம் கிடைக்கிறது. அந்த வண்டியின் முழு அருமையும் அதில்தான்.

பெட்டிகளையும் யோசியுங்கள். விமானத்தில் வந்த கடினப் பெட்டிகள் ஆறை வைக்க இந்த வண்டிகளில் எங்கும் இடம் இல்லை. பகலில் அவை படுக்கைமேல், இரவில் ஓட்டுநர் இருக்கைமேல் என்று ஊர்ந்துகொண்டே இருக்கும். மடிக்கக்கூடிய துணிப் பைகள் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இது வேனுக்கும் பொருந்தும்.

இருக்கைகளும் ஒரு விஷயம். பெரிய மோட்டார்ஹோமில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பயணம் செய்வார்கள். அதில் இருவர் பின்னோக்கி அமர்ந்திருப்பார்கள். ஹாஸ்ட் கணவாய் வளைவுகளில் முதலில் தலைசுற்றுவது அவர்களுக்குத்தான். பக்கத்து ஜன்னலும் சிறியது. இவ்வளவு தூரம் பார்க்க வந்த மலையைப் பாதிப்பேர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். ஓடும் வண்டியில் படுக்கையில் படுத்துவரலாம் என்று எண்ண வேண்டாம். எல்லோரும் சீட் பெல்ட் போட்டு உட்கார வேண்டும் என்பது சட்டம்.

கழிப்பறையும் தண்ணீரும்

வாடகை வண்டிகளில் இருப்பது கேசட் கழிப்பறை. வெளியிலிருந்து ஒரு கதவைத் திறந்து இழுத்தெடுக்கும் தொட்டி, கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆறு பேர் முழுக்கப் பயன்படுத்தினால் ஒரே நாளில் நிறைந்துவிடும். யார் காலி செய்வது என்ற பேச்சு எழாத நண்பர் குழு இல்லை. வழி இதுதான்: பகலில் பொதுக் கழிப்பறை, பார்க்கில் பார்க்கின் கழிப்பறை, வண்டியில் உள்ளது இரவு அவசரத்துக்கு மட்டும். நியூசிலாந்தில் சிற்றூர்களிலும் பொதுக் கழிப்பறைகள் நன்றாகவே இருக்கின்றன.

காலி செய்யும் முறையை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி, கையுறை போட்டு, கேசட்டை இழுத்து, ஊற்றும் குழாயைத் திருப்பி, காற்றுப் பொத்தானை அழுத்தியபடி ஊற்ற வேண்டும். பொத்தானை அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, ரசாயனத்தையும் இரண்டு லிட்டர் தண்ணீரையும் ஊற்றி மீண்டும் தள்ள வேண்டும். அங்கே உள்ள அலசும் குழாய் வேறு, குடிநீர்க் குழாய் வேறு. குடிநீர்த் தொட்டி நிரப்பும் ஹோஸை அலசும் குழாயின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேசட்டை விட முக்கியமானது சட்டம். 2023இல் வந்த திருத்தத்தின்படி, பொது இடத்தில் இலவசமாகத் தங்க 'தன்னிறைவு' சான்று வேண்டுமென்றால் வண்டியில் நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும். படுக்கை விரித்த நிலையிலும் அதை உள்ளே பயன்படுத்த முடிய வேண்டும். தூக்கி வைக்கும் சிறு கழிப்பறை இனிச் செல்லாது. வாடகை வண்டிகளுக்கு இது 2024 டிசம்பர் 7 முதல் கட்டாயம். சான்று பச்சை நிறத்தில் இருக்கும். எத்தனை பேருக்கு என்ற எண்ணும் அதில் இருக்கும். பழைய நீல ஸ்டிக்கரைக் காட்டி வாடகைக்கு விடுகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதனால் இரண்டாவது வழி இரண்டாகப் பிரிகிறது. டொயோட்டா ஹயேஸ் அளவில் உள்ள மலிவான வேன்களில் பலவற்றுக்கு இந்தச் சான்று கிடையாது. அவற்றை எடுத்தால் ஹாலிடே பார்க், அல்லது டாக் என்று அழைக்கப்படும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள்தான் பெரும்பாலும். ஏரிக்கரையில் இலவசமாகத் தங்குவோம் என்ற கணக்கில் மலிவு வேன் எடுப்பவர்களின் வரவுசெலவு இங்கேதான் கவிழ்கிறது. கழிப்பறை பொருத்திய ஸ்ப்ரின்டர் அல்லது டுகாட்டோ வகை வேன் கூடுதல் விலை. மூன்று பேருக்கு அதுவே எங்கள் பரிந்துரை. சான்று இருந்தாலும் நினைத்த இடத்தில் எல்லாம் தங்க முடியாது. உள்ளாட்சிக்கு உள்ளாட்சி விதி மாறும். முகாம் தேட உதவும் கேம்பர்மேட் செயலியில் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் உள்ள பலகையையும் படியுங்கள். மீறினால் நூற்றுக்கணக்கான நியூசிலாந்து டாலர் அபராதம், வாடகை நிறுவனம் வழியாக உங்கள் கார்டிலேயே பிடிக்கப்படும்.

சமையல்

வெளியில் மூவேளையும் சாப்பிட்டால் செலவு கட்டுக்குள் நிற்காது என்பதால் சமைக்கத்தான் வேண்டும். நம் சமையல் வேனுக்கு உகந்ததல்ல. கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். வெங்காயம் வதக்கிய வாசம் மெத்தைத் துணியில் ஏறிப் பல நாள் நிற்கும். வண்டியைத் திருப்பித் தரும்போது சுத்தம் செய்யும் கட்டணம் கேட்கக்கூடும். அரிசி கழுவிய நீரும் குழம்பு எண்ணெயும் கழிவுநீர்த் தொட்டியில் இரண்டு நாள் தேங்கினால் சிங்க் வழியாக நாற்றம் மேலேறும். தட்டை முதலில் டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழிவுநீரைச் சாலையோரம் திறந்துவிடக் கூடாது. வால்வு மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள்.

ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் தாளிப்பதே சரி. பெரிய அடுப்புகள், நல்ல காற்றோட்டம், கழுவ வெந்நீர் எல்லாம் அங்கே இருக்கின்றன. காலையில் அங்கேயே புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டால் மதியப் பாடு தீர்ந்தது. வேன் அடுப்பில் தேநீர், முட்டை, நூடுல்ஸ், ரொட்டி சூடாக்குவது. இந்தப் பிரிவினையைப் பின்பற்றினால் மூன்று வழிகளுக்கும் சமையலில் பெரிய வேறுபாடு இல்லை. காரும் கேபினும் எடுப்பவர்கள் அடுப்புள்ள கேபின் ஒன்றும் சாதாரணக் கேபின் இரண்டும் எடுத்தால் போதும்.

ஊரிலிருந்து பொடி, ஊறுகாய், மசாலா கொண்டுபோனால் விமான நிலையத்தில் எல்லா உணவையும் அறிவித்துவிடுங்கள். அறிவித்ததை அதிகாரி பார்த்து அனுமதிப்பார் அல்லது எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அறிவிக்காமல் சிக்கினால் அங்கேயே 400 டாலர். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதுவும் பையில் இருக்கக் கூடாது.

மின்சாரமும் குளிரும்

மின்இணைப்புள்ள இடத்தில் நீலநிற 16 ஆம்பியர் பிளக் மூலம் வண்டியை இணைக்கிறோம். 230 வோல்டில் அதிகபட்சம் சுமார் 3,680 வாட். ஹீட்டர் 2,000, கெட்டில் 2,200 என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகும். கெட்டில் கொதித்த பிறகு ஹீட்டர், ரைஸ் குக்கர் முடிந்த பிறகு ஹேர் டிரையர் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு இல்லாத முகாமில் சுவரில் உள்ள சாதாரண சாக்கெட்டுகள் வேலை செய்யாது. வண்டியின் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியை, அதாவது சுமார் 600 வாட்-மணியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம். விளக்கு, ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் ஆகியவற்றுக்குப் போதும். தூக்கத்தில் சுவாசக் கருவி பயன்படுத்தும் நண்பர் இருந்தால் ஒவ்வோர் இரவும் மின்இணைப்புள்ள இடமே வேண்டும்.

குளிர்காலத்தில் கதவை மூடிக்கொண்டு ஆறு பேர் தூங்கினால் மூச்சின் ஈரமே இரவில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். அது ஜன்னலிலும் மேற்படுக்கையின் கூரையிலும் படிந்து, காலையில் மெத்தையில் சொட்டும். கூரை வென்ட்டை இரண்டு விரல் அகலம் திறந்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை, திறந்தால் குளிர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காரையும் கேபினையும் சொல்வது இதனால்தான். ஒவ்வோர் இரவும் காய்ந்த அறை, ஈரக் காலணியைக் காயவைக்க இடம், பனிச்சாலையில் ஓட்ட எளிதான வண்டி. எளிய கேபின்களில் படுக்கை விரிப்பு இருக்காது, அங்கேயே கட்டணம் கொடுத்து எடுக்க வேண்டும். முன்பதிவில் இதைக் கவனியுங்கள்.

ஓட்டுதல்

சாலையில் இடதுபக்கம் என்பது நமக்குப் பழக்கம். உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். இல்லையென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அல்லது ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். பழக்கமில்லாதது வண்டியின் அளவு. ஆறு பெர்த் வண்டி சுமார் 7 மீட்டர் நீளம், 3.2 மீட்டருக்கு மேல் உயரம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி, வண்டியைத் திருப்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூணில் உரசுவது இதனால். உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் கூரைச் சேதமும் அடிப்பகுதிச் சேதமும் காப்பீட்டில் சேராது.

3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு வேக வரம்பு 90, மற்றவற்றுக்குத் திறந்த சாலையில் 100. மேப் காட்டும் நேரத்துடன் பெரிய வண்டிக்கு நான்கில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிடுங்கள். ஒற்றைத்தடப் பாலத்தில் சிவப்பு விளிம்பு வட்டப் பலகையில் உங்கள் திசை அம்பு சிறிதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நின்று வழிவிட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் முன்னுரிமை உங்களுக்கு. மேற்குக் கரையில் இந்தப் பாலங்கள் நிறைய.

கேன்டர்பரி சமவெளியிலும் டெக்காப்போ பக்கமும் வீசும் வடமேற்குக் காற்று பெரிய வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளும். நிறுத்தும்போது முகப்பு காற்றை நோக்கி இருக்கட்டும். காற்று பின்னாலிருந்து வந்தால் திறந்த கதவைப் பிடித்து முன்னால் வளைத்து, கீலையே உடைத்துவிடும்.

வானாக்காவிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் குறுக்குவழி கிரவுன் ரேஞ்ச், 1,076 மீட்டர் உயரம். சில ஒப்பந்தங்கள் அந்தச் சாலையைத் தடைசெய்கின்றன. குரோம்வெல் வழியாகப் போனால் நேரம் சிறிது கூடும், சாலை எளிது.

ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாக எண்ணுங்கள். ஒரு பெரிய வண்டிக்கு இருவர் போதும். இரண்டு வேனுக்கு நால்வர் வேண்டும். மூவர்தான் என்றால் ஒருவர் நாளெல்லாம் ஓட்டி ஏரியைப் பார்க்காமல் ஊர் திரும்புவார். இரண்டு வேன்களில் போனால் ஹாஸ்ட், மில்ஃபர்ட் பகுதிகளில் பல கிலோமீட்டருக்கு சிக்னல் இருக்காது. ஒருவரை ஒருவர் துரத்த வேண்டாம். அடுத்த சந்திப்பிடத்தையும், அங்கே எத்தனை மணி வரை காத்திருப்பது என்பதையும் கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

செலவு

எரிபொருளில் இரண்டு வேன்களைவிடப் பெரிய வண்டி ஒன்று சிக்கனம் என்று பொதுவாக நினைப்பது சரிதான். நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் என்று வைத்தால் இந்த வட்டத்துக்கு ஏறத்தாழ 250 லிட்டர் டீசல். கூடவே டீசல் வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம், 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 76 டாலர். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹயேஸ் அளவு வேன்கள் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 420 லிட்டர் பெட்ரோல். எட்டு இருக்கைக் காருக்கு 190 லிட்டர்.

தங்குமிடத்தில் கணக்கு மாறும். ஹாலிடே பார்க்கில் மின்இணைப்பிடத்துக்கு வண்டிக் கணக்கில்லை, ஆள் கணக்கு. ஆளுக்கு 25 முதல் 35 டாலர் வரை இருக்கும். ஆறு பேர் ஒரு வண்டியில் படுத்தாலும் இரண்டில் படுத்தாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான். கேபின் இதைவிடக் கூடும். ஆனால் கோடை உச்சத்தில் பெரிய மோட்டார்ஹோமின் நாள் வாடகைக்கும் காரின் நாள் வாடகைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அந்தக் கூடுதலை ஈடுகட்டிவிடும். டிசம்பர் 20 முதல் ஜனவரி முடிய எல்லாமே விலை ஏறும், இடமும் கிடைக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வாருங்கள்.

கேபின்காரர்கள் இழப்பதையும் சொல்ல வேண்டும். மில்ஃபர்டுக்குப் போகும் வழியில் எக்லிங்டன் பள்ளத்தாக்கில் கேஸ்கேட் கிரீக் டாக் முகாம் இருக்கிறது. அங்கே தங்கும் வேன்காரர்கள் குயின்ஸ்டவுன் பேருந்துகள் வருவதற்கு முன்பே காலையில் மில்ஃபர்டின் ஃபியோர்டை (மலைகளுக்கு இடையே புகுந்த கடலை) அடைந்துவிடுவார்கள். கார்காரர்கள் டி அனாவிலிருந்து 118 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மவுண்ட் குக்கிலும் அப்படியே. ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் தங்கினால் ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை படுக்கையிலிருந்து இறங்கிய இடத்திலேயே தொடங்கும். கேபின் வேண்டுமென்றால் அங்கிருந்து தள்ளித்தான் தங்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு காலைகளுக்காகவே கோடையில் வேனைச் சொல்கிறோம். அந்த முகாம்களில் மின்சாரம் இல்லை, கடையும் இல்லை. டி அனாவில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். பகலில் சாண்ட்ஃபிளை என்னும் சிறு ஈ கடிக்கும். கதவை மூடியே வையுங்கள். கீயா எனப்படும் மலைக்கிளிகளுக்கு உணவு கொடுக்காதீர்கள், அவை ஜன்னல் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும்.

புறப்படும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

பணத்துக்குப் பொதுக் கார்டு ஒன்று, ஒருவர் பொறுப்பு. எரிபொருள், முகாம், மளிகை மட்டும் அதில். படகுப் பயணம், பஞ்ஜி ஜம்ப் போன்றவை அவரவர் செலவு. சேதமானால் நாமே கட்ட வேண்டிய, காப்பீட்டின் சுயபொறுப்புத் தொகை பல ஆயிரம் டாலர் இருக்கும். யார் ஓட்டும்போது இடித்தாலும் ஆறாகப் பிரிப்பதா, ஓட்டியவர் தருவதா என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். ஆறாகப் பிரிப்பதே நியாயம் என்பது எங்கள் கருத்து. ஓட்டுபவர் எல்லோருக்காகவும்தான் ஓட்டுகிறார். கூடுதல் கட்டணம் செலுத்தி அந்தத் தொகையைக் குறைக்கும் வசதியை ஆறு பேர் பங்கிட்டால் சுமை தெரியாது.

வேன்களில் யார் யாரோடு என்பதை நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குறட்டை விடுபவரும் அதிகாலையில் எழுபவரும் ஒரே வேனில் இருக்கட்டும். பன்னிரண்டு இரவுகளில் இரண்டை மோட்டலில் தங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டி அனாவில், மற்றது மேற்குக் கரை மழைக்குப் பிறகு ஹோக்கிடிகாவில். துணி துவைத்துக் காயவைக்கவும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சில மணி நேரம் இருக்கவும் அது வேண்டும்.

வண்டி எடுக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கூரை உட்பட எல்லாப் பக்கத்தையும் வீடியோ எடுங்கள். கேஸ் அடுப்பு, ஹீட்டர், தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். மின்கம்பி, குடிநீர் ஹோஸ், பச்சைச் சான்று மூன்றும் வண்டியில் இருக்கின்றனவா என்று பார்த்து, மேசைப் படுக்கையை ஒருமுறை போட்டு மடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே பெரிய வண்டியை ஓட்டாதீர்கள். முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே. திருப்பித் தரும் நாளில் கேசட்டும் கழிவுநீர்த் தொட்டியும் காலியாக, எரிபொருள் நிரம்பியிருக்க வேண்டும். பல அலுவலகங்கள் பிற்பகலிலேயே மூடிவிடும் என்பதால் மாலை விமானம் இருந்தாலும் வண்டியை மதியத்துக்குள் ஒப்படைப்பதாகவே திட்டமிடுங்கள்.